வடசென்னையில் ஒரு முழுநேரக் கிளை நூலகம்: வீடற்றவருக்கும் அங்கே நாற்காலி உண்டா?

பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இயங்கும் ஒரு முழுநேரக் கிளை நூலகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், போதிய ஆள் இல்லாமலேயே அங்கே பொறுப்பாக வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கடம் நேரக் கூடாது என்பதாலும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நூல் இருப்பு, இட வசதி, ஊழியர்களின் நடத்தை என எந்த நூலகத்துக்கும் பொருந்தும் அளவுகோல்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இரவில் நடைபாதையில் படுத்து எழுகிறவர் பகலில் இந்தக் கட்டடத்துக்குள் வந்தால் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதே அது. வால்டாக்ஸ் சாலை, பிராட்வே, பூக்கடை, ஸ்டான்லி மருத்துவமனைச் சுற்றுவட்டாரம் எங்கும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடைபாதையில் குடும்பம் நடத்தும் ஊரில், இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பொது நூலகத்தை மதிப்பிட முடியாது என்பது என் கருத்து. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளுக்குத் துணையாகச் சென்று, அவள் மேல்தளத்தில் படிக்கும் நேரமெல்லாம் கீழே உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நூலகத்தைப் பற்றிய பொதுவான செய்திகள். கீழ்த்தளத்தில் நாளிதழ், பருவ இதழ்ப் பகுதியும், நூல் வழங்கும் மேசையும், சிறுவர் பகுதியும் உள்ளன. மேல்தளத்தில் குறிப்புதவி நூல்களும், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான நீண்ட மேசைகளும் உள்ளன. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. தேர்வாணைய வழிகாட்டிகள் ஓரளவு புதியவை. நாவல்களில் பாதிக்கு மேல் அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டிப் பிழைத்திருக்கின்றன. பெரம்பூரில் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதிலிருந்து எழுதப்பட வேண்டிய வரலாறு கொண்ட வடசென்னைக்கு, இந்தப் பகுதியைப் பற்றிய நூல்களுக்கென ஓர் அடுக்குகூட இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. பின் மதியத்தில் மேல்தளத்துக் கூரை வெக்கையை இறக்குவதால், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதற்குச் சிறிய போட்டியே நடக்கும். நூலகர் பொறுமையானவர், கேட்ட நூலைத் தானே எழுந்து போய்த் தேடித் தருகிறார். அவருக்குக் கீழே ஓர் உதவியாளரும், பகுதிநேரமாக வரும் ஒரு துப்புரவுப் பணியாளரும் மட்டுமே இருக்கிறார்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

காலை எட்டரை மணிக்குமேல் நாளிதழ் மேசைக்குப் போனால் முழு நாளிதழ் யாருக்கும் கிடைக்காது. தாள் தாளாகப் பிரிந்து ஆறு ஏழு பேர் கையில் இருக்கும். விளையாட்டுப் பக்கத்தை முடித்தவர் அதை எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிட்டு அவரிடமிருந்து ராசிபலன் பக்கத்தை வாங்கிக்கொள்வார். வழக்கமாக வருகிறவர்களில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் உண்டு, எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள் திறக்கக் காத்திருக்கும் விற்பனையாளர்கள் உண்டு, ஸ்டான்லியில் உறவினரைச் சேர்த்துவிட்டு இரவெல்லாம் வெளியில் படுத்திருந்து, பார்வையாளர் நேரம் வரும்வரை போக இடமில்லாமல் வந்து உட்காரும் வெளியூர்க்காரர்களும் உண்டு. இவர்களோடு வால்டாக்ஸ் சாலையின் பார்சல் ஆபீசுகளில் இரவில் மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, பகலில் தங்குவதற்கென்று கூரை இல்லாதவர்களும் வருகிறார்கள். அவர்களில் சிமெண்ட் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பெரியவர் ஒருவர் தலையங்கப் பக்கத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய, ஒரு தலையங்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். முடித்த பிறகு தாளை நான்காக மடித்து, மடிப்பைக் கையால் நீவி, மேசையின் நடுவில் வைப்பார். அந்த மேசையில் இருக்கும் எங்களில் யாரும் நாளிதழை அவ்வளவு மரியாதையோடு கையாள்வதில்லை.

ஆக, வீடற்றவர்களை நூலகத்துக்குள் விடலாமா என்ற கேள்வி இங்கே ஏட்டளவில் எழுவதற்கு முன்பே அவர்கள் உள்ளே இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதிக் கையெழுத்திட்டால் எவரும் உட்கார்ந்து படிக்கலாம், உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவேட்டின் முகவரிப் பத்தியில் பலர் தெருப் பெயரை மட்டும் எழுதுகிறார்கள், அதற்குமேல் யாரும் துருவுவதில்லை. இந்த நூலகத்துக்கு நான் தரும் முதல் பாராட்டு இதற்குத்தான். பிரச்சினை உள்ளே வந்த பிறகு தொடங்குகிறது.

வீடற்றவர் என்றதும் நம்மில் பலருக்குத் தாடி வளர்ந்த ஒற்றை ஆண் ஒருவரின் உருவமே மனத்தில் எழுகிறது. வடசென்னையில் அந்த உருவம் பாதி உண்மைகூட இல்லை. இங்கே நடைபாதையில் இருப்பவர்களில் கணவன், மனைவி, பிள்ளைகள், பாட்டி என்று குடும்பமாக வாழ்பவர்கள் ஏராளம். பூக்கட்டி விற்பவர்கள், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள், கடைகளில் பெருக்கித் துடைப்பவர்கள் என எல்லாரும் உழைக்கிறவர்கள். நகரத்தின் விளிம்பில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு ஒதுக்கப்பட்ட பிறகும் பிழைப்புக்காகப் பழைய நடைபாதைக்கே திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. நடைபாதையில் வாழ்பவர்கள் அங்கே இருப்பது பிழைப்பு பக்கத்தில் இருப்பதால்தான் என்பதை உச்ச நீதிமன்றமே 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதவை மேசை, விளக்கு, நோட்டுப் புத்தகம் நனையாத ஓர் இடம் ஆகிய மூன்றும். இவை மூன்றுமே நூலகத்தில் இருக்கின்றன.

அப்படி வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை என் மகள் வழியாக அறிவேன். பள்ளி விட்டதும் நேராக வந்து, சிறுவர் பகுதியை ஒட்டிய மேசையில் கணக்குப்பதிவியல் நோட்டை விரித்துவிடுவாள். பேரேட்டுக் கோடுகளை அளவுகோல் இல்லாமல், பழைய நூலக அட்டை ஒன்றின் விளிம்பை வைத்துப் போடுவாள். ஏழே முக்கால் மணிக்கு உதவியாளர் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதைக் குடும்பங்கள் கடைகளின் ஷட்டர் ஓரமாக ஒடுங்கிக்கொள்ளும் மாதங்களில், அவள் பாடம் படிப்பதற்கு இந்த ஊரில் இலவசமான, உலர்ந்த இடம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வீடற்றோர் நூலகத்துக்கு வருவதால் படிக்கிற சூழல் கெடுகிறது என்று பேசுபவர்கள் இவளை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சீருடையில் இருப்பதால் அவள் வீடற்றவள் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் அவளால் ஒரு நூலைக்கூட எடுத்துப்போக முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத குறை. உறுப்பினராவதற்குச் சிறிய காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும், அதை யாராவது கட்டிவிடலாம். முகவரிச் சான்றுதான் தடையாக நின்றது. தாயின் பெயரில் உள்ள அடையாள அட்டையில் இருக்கும் முகவரி, எப்போதோ இடிக்கப்பட்ட குடிசைப் பகுதியின் முகவரி. இப்போது இருக்கும் இடத்துக்குக் கதவு எண் கிடையாது. விதியை மீறித் தன்னால் உறுப்பினர் அட்டை தர இயலாது என்று நூலகர் சொன்னது அவருடைய நிலையில் நியாயமானதே, காணாமல் போகும் நூலுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதைக் கிளை நூலகங்களை நிர்வகிக்கும் நூலக ஆணைக்குழுவின் மட்டத்தில் தீர்க்கலாம். பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதத்தையோ, வீடற்றோர் தங்கும் மாநகராட்சிக் காப்பகத்தின் பொறுப்பாளரின் கையெழுத்தையோ முகவரிச் சான்றாக ஏற்று, முதலில் ஒரு நூல், அதைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு என்று தரலாம். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் காப்பகத்தின் முகவரியையே ஏற்று அட்டை தருகிறார்கள். இங்கேயும் நூலகப் புரவலர் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் பெயர்ப் பலகையில் இடம்பெற ஆட்கள் முன்வருகிறார்கள். அந்தப் புரவலர்களில் சிலர் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்குப் பிணை நின்றால் பலகையில் இருக்கும் பெயருக்கும் ஒரு பொருள் உண்டாகும்.

அடுத்தது தூக்கம். சுவரில் 'நூலகத்தில் உறங்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. விதி சரியானது, இருக்கைகள் குறைவாக உள்ள இடத்தில் தேவையானதும்கூட. ஆனால் அது நடைமுறைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். மேல்தளத்தில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மதிய உணவுக்குப் பிறகு வழிகாட்டி நூலின் மீதே கன்னத்தை வைத்து முக்கால் மணி நேரம் தூங்குவார்கள், யாரும் எழுப்பியதில்லை. பாவம், இரவெல்லாம் படித்திருப்பான் என்று நாமே சொல்லிக்கொள்வோம். கீழ்த்தளத்தில் இரவெல்லாம் மூட்டை தூக்கியவர் நாளிதழைப் பிடித்தபடி கண்ணயர்ந்தால், இரண்டாவது நிமிடத்தில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்கும். "பெரியவரே, தூங்கறதுன்னா வெளில போய்த் தூங்குங்க" என்று உதவியாளர் சொல்வார். குரலில் கடுமை இருக்காது, ஆனால் சுற்றியிருக்கும் பத்துப் பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரே சுவரில் எழுதிய விதி, மாடிப்படி ஏறியதும் தளர்ந்துபோகிறது. இரண்டு தளத்திலும் எழுப்புங்கள், அல்லது இரண்டு தளத்திலும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள் என்பதே என் கோரிக்கை. நூலகம் படுக்கும் இடம் அல்ல என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படுக்கும் இடத்துக்கு வேறு ஏற்பாடு உண்டு. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஆணையிட்டது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் அவற்றில் அருகில் உள்ளது எங்கே என்ற ஒரு வரித் தகவல் இந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இல்லை. தேர்வு அறிவிப்புகளுக்கும் கண் பரிசோதனை முகாம் சுவரொட்டிகளுக்கும் இடம் இருக்கும் பலகைதான் அது.

நாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்புரையை எழுதினால் நேர்மையாக இருக்காது. வியர்வையில் ஊறிய துணியை மாற்ற வழியில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றவரால் படிக்க முடிவதில்லை. இது வாசகர்களின் ஆணவம் அல்ல, உடம்பின் இயல்பு. சிலர் வாயைத் திறக்காமல் நாற்காலியை மாற்றிக்கொள்கிறார்கள், சிலர் நூலகரிடம் போய் முணுமுணுக்கிறார்கள், நூலகர் தர்மசங்கடத்தோடு எழுந்து வருகிறார். நான் பார்த்தவரையில் இத்தகைய புகாருக்கு ஆளாகிறவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குவார்கள். அவர்களிடமும் அதற்குப் பரிகாரம் செய்துகொள்ளும் வசதிதான் இல்லை, மனம் இல்லாமல் இல்லை. இங்கேதான் நூலகம் தன் பங்குக்குத் தோற்கிறது. கழிப்பறை இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. சாவி மேசையின் இழுப்பறையில் இருக்கும். ஊழியர்களும், தயக்கமில்லாமல் கேட்கும் பெண் வாசகர்களும், தெரிந்த முகங்களும் சாவி வாங்குவார்கள். சாக்குப் பையோடு வந்தவர் கேட்டால் "தண்ணி வரலை" என்ற பதில் கிடைக்கும். முகம் கை கால் கழுவ ஒரு குழாயைக்கூடப் பூட்டி வைத்துக்கொண்டு, சுத்தமாக வரவில்லை என்று ஒருவரை வெளியே அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? பெண்களும் சர்க்கரை நோயுள்ள முதியவர்களும் நாள் முழுக்க உட்காரும் கட்டடத்தில் கழிப்பறையைத் திறந்து வைப்பது யாருக்கும் செய்யும் சலுகை அல்ல. அதற்கு முழுநேரத் துப்புரவுப் பணியாளர் வேண்டும். அந்தச் செலவை ஆணைக்குழு ஏற்க வேண்டும், நூலகர் தலையில் கட்டக் கூடாது.

பெண்களின் பாதுகாப்பு என்ற அடுத்த எதிர்வாதத்தை, மகளை அனுப்பும் தகப்பனாக நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். முறைத்துப் பார்ப்பது, பின்னாலேயே வருவது, எதிரில் உட்கார்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பது ஆகிய மூன்றும் இந்த நூலகத்தில் நடந்திருக்கின்றன. மேல்தளத்துப் பெண்கள் கூடிப் புகார் செய்தது, இஸ்திரி போட்ட சட்டையும் தோள்பையுமாக வந்த ஒருவரைப் பற்றி. அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு நூலகத்துக்குச் சில நாட்கள் பிடித்தன, பார்க்கக் கௌரவமான ஆளாக இருந்ததால் நம்ப முடியவில்லையாம். அதே வாரத்தில், யார் பக்கமும் திரும்பாமல் மூலையில் வார இதழ் புரட்டிக்கொண்டிருந்த கிழவர் ஒருவரை, குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று ஒரு பெற்றோர் சொன்ன மாத்திரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடும் நூலகம் என் மகளுக்கும் பாதுகாப்புத் தராது, அந்தக் கிழவருக்கும் இடம் தராது. நடத்தை விதிகளை எழுதி, பெரிய எழுத்தில் ஒட்டி, மீறியவர் யாராக இருந்தாலும் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை வெளியேற்றம் என்று வைத்தால் இருவருக்கும் நல்லது.

இதே சிக்கல் அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் மாரிஸ்டவுன் ஊர் நூலகம், வீடற்றவரான ரிச்சர்ட் கிரைமர் என்பவரைத் திரும்பத் திரும்ப வெளியேற்றியது. அவர் வழக்குத் தொடுத்தார். 1991இல் மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். வீடற்றவர்களைப் பார்க்கவும் முகரவும் பிடிக்கவில்லை என்றால் ஒழிக்க வேண்டியது அவர்களுடைய அந்த நிலையைத்தான், அவர்களுடைய நூலக அட்டையை அல்ல என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, நூலகத்தின் விதிகள் செல்லும் என்றது. படிக்கவோ நூலகத்தைப் பயன்படுத்தவோ செய்யாமல் இருப்பவரையும், பிறரை முறைத்தும் பின்தொடர்ந்தும் தொல்லை தருபவரையும், பிறர் தாங்க முடியாத அளவுக்கு உடல் நாற்றம் உள்ளவரையும் வெளியேறச் சொல்லலாம் என்றது. அதே தீர்ப்பில், பொது நூலகத்துக்குச் சென்று தகவல் பெறுவது அரசியலமைப்பு பாதுகாக்கும் உரிமை என்றும் ஒப்புக்கொண்டது. நாற்ற விதியைச் செல்லும் என்றதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, கழுவிக்கொள்ள இடம் தராத ஊரில் அது ஏழையை மட்டுமே தண்டிக்கும். ஆனால் விதியை எழுதி வைக்க வேண்டும், அது நடத்தையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்ற பகுதி நமக்கும் பயன்படும். நம் நூலகத்தில் விதி என்பது அன்றைக்கு மேசையில் இருப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. சான் பிரான்சிஸ்கோ நகர நூலகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2009இல் ஒரு சமூகப் பணியாளரையே வேலைக்கு அமர்த்தியது. முன்பு தெருவில் வாழ்ந்தவர்களையும் பணியில் சேர்த்து, குளிக்கவும் உண்ணவும் தங்கவும் எங்கே போகலாம் என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வைத்தது. அந்த அளவுக்கு நம்மிடம் பணம் இல்லை. ஆனால் மாநகராட்சிக் காப்பகத்தின் பணியாளர் வாரத்தில் ஒரு நாள் காலையில் ஒரு மணி நேரம் நாளிதழ்ப் பகுதியில் வந்து உட்கார என்ன செலவாகும்?

வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒருவர் எழுந்து, நூலக வரி கட்டுகிறவர்கள் நாங்கள், முதல் உரிமை எங்களுக்குத்தானே என்று கேட்டார். சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாகப் போகிறது என்பது உண்மைதான். வாடகைக்குக் குடியிருக்கும் நானும், மேல்தளத்தில் படிக்கும் மாணவர்களும், நாளிதழுக்கு வரும் முதியவர்களில் பாதிப் பேரும் அந்த வரியை நேரடியாகக் கட்டியதே இல்லை. இந்த வரிக்கு வழிவகுத்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட நூலகச் சட்டம். அதற்காகப் பல ஆண்டுகள் முயன்ற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதாக, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்று வைத்தார். வீட்டுக்காரர் வரி கட்டுவதும் வீடில்லாதவர் வந்து படிப்பதும் இந்தச் சட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கின்றன. அவரவர் கட்டிய அளவுக்கு அவரவர் படிக்கலாம் என்றால், அதற்குச் சந்தா நூலகமே போதும்.

இப்போது நகரில் வரும் புதிய இடங்களோடு ஒப்பிட்டாலும் இந்தப் பழைய கிளை நூலகத்தின் பெருமை புரியும். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் குளிரூட்டப்பட்ட, அழகான இடம், படிக்கிற பிள்ளைகளுக்கு நல்வாய்ப்பு. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தி உள்ளே போக வேண்டும். கட்டணம் சிறியதுதான், ஆனால் கைப்பேசியும் வங்கிக் கணக்கும் இருப்பவரே வருவார் என்று அந்த ஏற்பாடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் கொடுத்து இட்லி வாங்குபவரிடம் வீடு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. வங்கி ஊழியரும் குப்பை பொறுக்குபவரும் ஒரே மேடையில் நின்று சாப்பிடுகிறார்கள், யாருக்கும் இழுக்கு வரவில்லை. அரசு நடத்தும் ஓர் இடத்தில் எல்லாரையும் சமமாக நடத்த நமக்குத் தெரியாது என்று சொல்வதற்கு இனி வழியில்லை.

எல்லாரையும் எப்போதும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து சத்தம் போடுபவரை அப்போதே வெளியேற்றத்தான் வேண்டும், அவருக்குப் பங்களா இருந்தாலும் சரி. தனக்குள் பேசிக்கொண்டு, அமைதியாக இருப்பவரால் யாருக்கும் இடையூறு இல்லை, அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களைத்தான் கண்டிக்க வேண்டும். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் மனநோயோடு அலைபவர் வந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்பும் பொறுப்பை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல் நிலையத்துக்கு அளித்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இங்கிருந்து தூரமில்லை. இந்தச் செய்தி நூலகருக்குச் சொல்லப்படவில்லை. அப்படி ஒருவர் வந்த நாளில் அவர் செய்ய முடிந்ததெல்லாம், பின் அறையில் வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு சப்பாத்தியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்ததுதான். நல்ல மனிதர். ஆனால் அவருடைய நல்ல மனத்தை நம்பியே ஒரு சேவை நடக்கக் கூடாது, அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் போய்விடும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். யாரையும் வாசலில் தடுக்காததற்கும், நூலகரின் பொறுமைக்கும், மேல்தளத்துப் படிப்புச் சூழலுக்கும் அது. கழிப்பறைப் பூட்டு, ஆளுக்கொரு விதியாக இருக்கும் தூக்கத் தடை, முகவரிச் சான்று ஆகியவற்றுக்கு ஒன்றரையைக் குறைத்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளருக்கான செலவைத் தவிர, இந்த மூன்றில் முதல் இரண்டுக்கு ஆணைக்குழுவின் அனுமதிகூடத் தேவையில்லை.

போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்து மணிக்குள் போனால் மேல்தளத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். குடிநீர்க் கேன் மதியத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால் தண்ணீர் கொண்டுபோங்கள். பைகளை வாசலருகே உள்ள அடுக்கில் வைக்கச் சொல்வார்கள், பெரிய மூட்டைக்கு அங்கே இடமில்லை. ஆகையால் மூட்டையோடு வருகிறவர்கள் அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டால் குறை சொல்லாதீர்கள், அவர்களுடைய உடைமை முழுவதும் அதில் இருக்கிறது. புகார் இருந்தால் மேசையில் உள்ள கருத்துப் பதிவேட்டில், ஆளின் தோற்றத்தை விட்டுவிட்டு, என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். கழிப்பறையைப் பற்றி அதில் நான் எழுதியதற்குக் கீழே இதுவரை வேறு மூன்று கையெழுத்துகள் சேர்ந்திருக்கின்றன, இன்னும் சேர்ந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக வாசகர் வட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள்.